முப்பது நாளில் குணமாகாவிட்டால் காசு வாபஸ்: யாருக்கு லாபம்?

வருகிற ஞாயிறு நள்ளிரவோடு சலுகை முடிகிறதாம். ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்கென்று ஒரு மூலிகைக் கலவைக் குளிசை. மூன்று போத்தல் எடுத்தால் நான்காவது இலவசம், முப்பது நாளில் குணம் தெரியாவிட்டால் முழுக் காசும் வாபஸ். இந்த வட்ஸ்அப் விளம்பரம் நிலாவெளியிலிருந்து மூதூர்வரை சுற்றிவிட்டது என்பது எமக்கு வந்த கடிதங்களில் தெரிகிறது. வாங்கலாமா, குடித்துவரும் இசப்கோலை நிறுத்தலாமா, தயிர் போதாதா, "அரச பதிவு பெற்றது" என்று போட்டிருக்கிறதே என்று ஆளுக்கொரு கேள்வி. ஐ.பி.எஸ். என்றால் என்னவென்று இங்கே விளக்கப் போவதில்லை. பஸ் ஏறுமுன் மூன்று தரம் ஓடுகிறவருக்கும், மூன்று நாளாகியும் போகாமல் வயிறு ஊதிக் கிடப்பவருக்கும் அது தெரியும். வைத்தியர் பார்த்து, வேறு நோய் இல்லை என்று சொன்னவர்களுக்கே இக்கட்டுரை.

"பதிவு பெற்றது" என்றால்?

சந்தைக்கு வர ஒரு வாசல் திறந்தது என்று பொருள். அந்த வாசல்கள் பல. மருந்துக்கும் உணவுக்கும் இடையில் நிற்கும் பொருட்கள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் போகும். உணவென்று சொல்லிக்கொண்டால் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கிறது. ஆயுர்வேதம், சித்தம் என்றால் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம். எந்தச் சட்டத்தின் கீழ், என்ன இலக்கத்தில் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வந்தால் நல்லது. வந்தாலும், உங்களைப் போன்ற வயிற்றுவலிக்காரரிடம் பரீட்சித்து நிரூபித்தார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

காசு திருப்பித் தருவதாகச் சொல்கிறார்களே, நம்பிக்கை இல்லாமலா?

நம்பிக்கை நிறைய இருக்கிறது. ஆனால் அது குளிசைமேல் அல்ல, நோயின் குணத்தின்மேல்.

2009இல் நெதர்லாந்தில் 275 ஐ.பி.எஸ். நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு நாளுக்குப் பத்துக் கிராம் இசப்கோல், ஒரு பகுதிக்குத் தவிடு, மற்றவர்களுக்கு வெறும் அரிசிமா. எது யாருக்கு என்று சொல்லவில்லை. முதல் மாதத்தில் குறைந்தது இரண்டு வாரமாவது போதிய சுகம் கிடைத்தது என்றவர்கள், இசப்கோல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 57 பேர். அரிசிமா எடுத்தவர்களில் 35 பேர். அரிசிமாவில்தான் நாம் இடியப்பம் பிழிகிறோம்!

இது ஓர் ஆய்வின் விசித்திரம் அல்ல. ஐ.பி.எஸ். மருந்துகள் பற்றிய 73 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2010இல் கணக்குப் பார்த்தபோது, போலி மருந்து எடுத்தவர்களில் சராசரியாக நூற்றுக்கு 37 பேருக்குமேல் முன்னேற்றம் கண்டிருந்தார்கள். அதாவது போத்தலுக்குள் எதை அடைத்து விற்றாலும் மூன்றில் ஒருவருக்குமேல் "எனக்குச் சரிவந்தது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே சுகம். அவர்தான் அடுத்த குடும்பக் குழுமத்துக்கு விளம்பரத்தை அனுப்புகிறார்.

ஏன் இப்படி? ஐ.பி.எஸ். ஏறி இறங்கும் நோய். சும்மா இருக்கும்போது எவரும் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துப் போத்தல் வாங்குவதில்லை. வயிறு மிக மோசமான வாரத்தில்தான் வாங்குகிறோம். மோசத்தின் உச்சியிலிருந்து அடுத்த மாதம் பெரும்பாலும் இறக்கம்தான். கொந்தளித்த கடல் எப்படியும் அடங்கும் என்பது துறைமுகத்து ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொந்தளிப்பு நாளில் தாயத்து விற்கிறவனுக்கும் தெரியும். முப்பது நாள் என்ற கெடு அந்த இறக்கத்துக்குப் போதுமான காலம்.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. 2010இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் ஆய்வாளர் டெட் கப்சக் குழுவினர் 80 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு "இது போலி மருந்து, உள்ளே மருந்து எதுவும் இல்லை, ஆனாலும் உடல் தானாகத் தேற உதவக்கூடும்" என்று வெளிப்படையாகச் சொல்லியே குளிசை கொடுத்தார்கள். போத்தலிலும் அப்படியே எழுதியிருந்தது. மூன்று வாரம் கழித்து அவர்களில் நூற்றுக்கு 59 பேர் போதிய சுகம் என்றார்கள். குளிசை எதுவும் கொடுக்காத மறுபாதியில் 35 பேர். இரு தரப்பினரிடமும் ஆய்வாளர்கள் ஒரே அளவு நேரம் அன்பாகப் பேசினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் 2021இல் 262 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்விலும் ஒளிவுமறைவில்லாத போலி மருந்து, மறைத்துக் கொடுத்த போலி மருந்துக்குச் சமமாக நின்றது. குடலும் மூளையும் அவ்வளவு நெருக்கமாகப் பேசிக்கொள்கின்றன.

ஆகவே போலிக் குளிசை விற்பவருக்குப் பொய்கூடத் தேவையில்லை. தேறியவர் காசு கேட்க மாட்டார். தேறாதவர்களிலும் எத்தனை பேர் பற்றுச்சீட்டைத் தேடி, போத்தலைப் பொதிசெய்து, தபாலில் அனுப்புவார்கள்? விளம்பரத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தையும் வாசியுங்கள். ஒரு வாசகர் அனுப்பிய படத்தில், முத்திரை உடைக்காத போத்தலுக்கு மட்டுமே பணம் என்றிருந்தது. குடிக்காமல் குணம் பார்ப்பது எப்படி என்று அதில் இல்லை.

அப்படியானால் எதையுமே நம்ப முடியாதா?

அரிசிமாவைத் தாண்டியதை நம்பலாம். 57க்கும் 35க்கும் இடையிலான அந்த வித்தியாசம்தான் இசப்கோலின் சொந்தச் சம்பாத்தியம். அது தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி, இறுகிய மலத்தை இளக்கும், நீர்த்த மலத்தைத் திரட்டும். குடலில் மெதுவாகவே புளிப்பதால் வாயுவும் குறைவு. தவிடு அப்படியல்ல, அதே ஆய்வில் நோய் கூடிப்போய் இடையில் விலகியவர்கள் தவிட்டுக்காரர்களில்தான் அதிகம். ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். முழுக் கோப்பைத் தண்ணீரோடு உடனே குடியுங்கள்; தண்ணீர் போதாவிட்டால் தொண்டையில் அடைக்கும். மற்றக் குளிசைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

எதை வாங்கினாலும் வயிறு ஓரளவு அமைதியான வாரத்தில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான், நான்கு வாரம். தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கலண்டரில் குறியுங்கள். பிறகு இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியும் வலி திரும்பாவிட்டால் அந்தப் போத்தலுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. விளம்பரத்தில் வரும் கலவையில் இப்படி ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. பதினொரு சரக்கு ஒரே குளிசையில் இருந்தால் எது வேலைசெய்தது, எது வயிற்றை ஊதவைத்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

புரோபயோட்டிக்?

போத்தலில் "கோடிக்கணக்கான நல்ல பக்டீரியா" என்று இருக்கும். கோடியைவிட இனமும் அதன் எண்ணும்தான் முக்கியம். பிஃபிடோபக்டீரியம் இன்ஃபான்டிஸ் 35624 என்ற ஒன்றை 362 பெண்களிடம் பரீட்சித்து 2006இல் வெளியிட்டார்கள். பத்துக் கோடி அளவு பலன் தந்தது. ஆயிரம் கோடி அளவு தரவில்லை. காரணம் தேடியபோது, அந்தக் குளிசைக்குள் இருந்தது ஈரம் பட்டதும் பசைபோல் இறுகிவிட்டதாம். கூடினால் நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை "உற்பத்தியின்போது" என்றா, "காலாவதித் திகதிவரை" என்றா போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் ஊர்க் கடைத் தட்டிலும் கூரியர் வானிலும் உயிருள்ள பக்டீரியாவின் நிலை என்னவாகும் என்று நீங்களே யோசிக்கலாம். அமெரிக்கக் குடல் வைத்தியர் சங்கம் 2021இல் ஐ.பி.எஸ்.இற்கு இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. பிரித்தானிய வழிகாட்டி, விரும்பினால் நான்கு வாரம் பார்க்கலாம் என்கிறது.

கிண்ணியாத் தயிர்? ஒத்துக்கொண்டால் சோற்றோடு சாப்பிடுங்கள். மருந்தென்று எண்ண வேண்டாம்.

பெப்பர்மின்ட் எண்ணெய்? சிறுகுடலில் கரையும் உறையுள்ளது என்றால் வலிக்கு ஓரளவு. நெஞ்செரிவுக்காரருக்கு வேண்டாம், கடித்து விழுங்கவும் வேண்டாம்.

மலம் இளக்கும் "மூலிகைத் தேநீர்"? பெரும்பாலும் நிலாவாரை, சேர்மானப் பட்டியலில் அது இருந்தால் தினமும் குடிக்கத் தகாது.

செரிமான நொதிக் குளிசை? ஐ.பி.எஸ்.இற்கு நல்ல ஆதாரம் இல்லை.

நாட்டு வைத்தியரிடம் போகலாமா? போகலாம், எடுக்கிற ஆங்கில மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, இரவில் எழுப்பும் வயிற்றோட்டம், ஐம்பதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை? இவற்றுக்குப் போத்தல் எதுவும் வேண்டாம், வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போங்கள்.