பினாங்கில் எட்டு மணி நேரம்

சொகுசுக் கப்பலில் விடுமுறையைக் கழிக்க விரும்பும் வாடிக்கையாளர்கள் பலர் எங்களிடம் பயணச்சீட்டின் விலையைப் பற்றியே பேசுகின்றனர். கப்பலில் ஏறிய பின் தொடங்கும் கணக்கைப் பற்றிக் கேட்போர் குறைவு. அதை விளக்க, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வழியாகச் சென்ற நான்கு இரவுப் பயணத்தில் நாங்கள் கழித்த இரண்டாம் நாளை எடுத்துக்கொள்கிறோம். நாங்கள் இரு குடும்பங்கள், ஏழு பேர்.

காலையில் மலாக்கா நீரிணை குளம் போல் அமைதியாக இருந்தது. சிற்றுண்டி பயணச்சீட்டில் அடக்கம். அதன் பிறகு குழந்தைகள் கேட்ட பழச்சாறும் நாங்கள் அருந்திய நல்ல காப்பியும் அடக்கமில்லை. ஆயினும் கையில் பணம் தர வேண்டியதில்லை. அறைக் கதவைத் திறக்கும் அட்டையை நீட்டினால் போதும். செலவு அறைக் கணக்கில் ஏறிவிடும். பணம் கைமாறாத இடத்தில் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏறிய முதல் மாலையிலேயே அதை உணர்ந்தோம்.

இந்த வசதிக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு உண்டு. கப்பலில் ஏறும்போது நம் வங்கி அட்டை ஒன்றைப் பதிவு செய்கிறார்கள். அப்போதே ஒரு தொகையை வங்கி வழியாக நிறுத்தி வைக்கிறார்கள். செலவு கூடக்கூட நிறுத்திவைப்பும் கூடும். இறுதிக் கணக்கு முடிந்ததும் உரிய தொகை எடுக்கப்பட்டு, எஞ்சியது விடுவிக்கப்படும். கடன் அட்டையைத் தந்திருந்தால், நிறுத்தி வைத்த தொகை அட்டையின் வரம்பை மட்டுமே குறைக்கும். பற்று அட்டையைத் தந்திருந்தால் நம் சேமிப்புக் கணக்கிலுள்ள பணமே முடங்கும். எடுக்கப்படாத பணந்தான், எனினும் பயன்படுத்த முடியாத பணம். கப்பலை விட்டு இறங்கிய பின்னும் அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம். முன்கூட்டியே பணம் ஏற்றிய அந்நியச் செலாவணி அட்டைக்கும் இதே நிலைதான்.

உடன் வந்த நண்பர் தம் சம்பளக் கணக்கின் பற்று அட்டையைத் தந்திருந்தார்.

பிற்பகல் ஒரு மணிக்குக் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரின் ஸ்வெட்டன்ஹாம் துறையை அடைந்தது. துறையிலிருந்து வெளியே வந்தால் நகரமே எதிரில் நிற்கிறது, வாகனம் தேவையில்லை. விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சியைக் குறிக்க 60 அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு முதலில் வரவேற்கிறது. அதனருகே, 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து நடந்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், 1801இல் தமிழ் முஸ்லிம்கள் அமைத்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய நான்கையும் ஒரே நடையில் கண்டுவிடலாம். இந்நகரம் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதற்கு இந்த அண்டை வாழ்க்கையும் ஒரு காரணம். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல் பல்லாண்டுகள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழர்களை ஏற்றிவந்து இறக்கிய ஊர் இது. அவர்களில் பலர் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள். குளிரூட்டிய அறையிலிருந்து இறங்கிய நாங்கள் அதை எண்ணிச் சற்றே கூசினோம்.

லிட்டில் இந்தியாவில் துணி வாங்கினோம். கடைக்காரர் தமிழர். அட்டையைச் செருகியதும் கருவியின் திரையில் இரு தொகைகள் தோன்றின: ஒன்று ரிங்கிட்டில், மற்றொன்று ரூபாயில். “ரூபாயிலேயே போட்டுவிடவா ஐயா? கணக்குத் தெரிய வசதியாக இருக்கும்” என்று அன்போடு கேட்டார். வேண்டாம் என்றோம். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் நாணய மாற்றத்தைக் கடைப் பக்கத்திலேயே செய்துவிடுகிறார்கள். அந்த மாற்று விகிதத்தில் அவர்களுடைய இலாபமும் சேர்ந்திருக்கும். சில அட்டைகளுக்கு அதன் மேலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் உண்டு. எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தில் செலுத்துவதே பெரும்பாலும் மலிவு. இன்னொன்று: ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் பிறப்பித்த அறிவுறுத்தலின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் முதலில் உள்நாட்டில் மட்டுமே செயல்படும். வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தொடங்குவதும் அதற்கு வரம்பு வைப்பதும் வாடிக்கையாளர் கையில்தான். அதை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். கடை வாசலில் அல்ல.

மாலை நாசி கண்டார் உண்ண அமர்ந்தோம். அங்கே இணைய இணைப்புக் கிடைத்ததும் நண்பரின் கைப்பேசி தொடர்ந்து ஒலித்தது. கடலில் கப்பலின் செயற்கைக்கோள் வழி அலைபேசி இணைப்பு, வழக்கமான வெளிநாட்டுத் திட்டங்களில் சேராது, செலவும் மிகுதி என்பதால் நாங்கள் அனைவரும் கைப்பேசிகளை விமானப் பயண நிலையில் வைத்திருந்தோம். இப்போது வந்த மின்னஞ்சல்களுள் ஒன்று, அவருடைய வீட்டுக் கடன் தவணை போதிய இருப்பின்றித் திரும்பிவிட்டது என்றது. தவணைக்குரிய பணம் கணக்கில் இருந்தது. ஆனால் கப்பல் அதில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருந்தது. எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தவணை தவறாதவர் அவர். உணவு அப்படியே ஆறியது.

வேறொரு வங்கியிலிருந்த கணக்கிலிருந்து தவணையைச் செலுத்த முனைந்தார். ஒருமுறைக் கடவுச்சொல் இந்திய எண்ணுக்கே வரும். அந்த எண்ணில் வெளிநாட்டுச் சேவை இயக்கப்பட்டிருக்கவில்லை. இணையம் வழியாக அதற்குரிய திட்டத்தைப் பெற்று, குறுஞ்செய்திக்குக் காத்திருந்து, செலுத்தி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தவணை திரும்பியதற்கான கட்டணம் அவரை விடவில்லை. எனினும் நிலுவை அன்றே தீர்ந்தது.

அதற்குள் மணி ஏழு கடந்துவிட்டது. எட்டு மணிக்குள் அனைவரும் கப்பலில் இருக்க வேண்டும், ஒன்பதுக்குப் புறப்பாடு. துறைமுக வழிகாட்டியும் இழுவைப் படகுகளும் துறையிடமும் மணிக்கணக்கில் ஏற்பாடு செய்யப்படுபவை. ஆகவே கப்பல் ஒருவருக்காகக் காத்திராது. கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதித்தால் காத்திருப்பது வழக்கம். நாமாகச் சுற்றச் சென்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். நிறுவனத்தின் சுற்றுலாவுக்குக் கூடுதலாகக் கேட்கும் தொகையில் ஒரு பங்கு இந்தக் காத்திருப்புக்கான விலை என்றே கொள்ளலாம். நடந்து சுற்றக்கூடிய ஜார்ஜ் டவுனுக்கு அது தேவையில்லை என்பது எங்கள் கருத்து. புக்கெட் போன்ற இடங்களில், கப்பல் கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் கரை சேர்க்கும்போது, அது தேவைப்படலாம். தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்தங்கியது என்பதையும் மறக்கக் கூடாது. கப்பலின் அறிவிப்பு கரையின் நேரத்தைச் சொல்கிறதா, கப்பலின் நேரத்தையா என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்வது நலம்.

ஏழு நாற்பதுக்கு ஏணிப்படி ஏறினோம். நண்பர் நேரே வரவேற்பு மேசைக்குச் சென்று, அறைக் கணக்கைத் தம் கடன் அட்டைக்கு மாற்றினார். இதற்கு ஐந்து நிமிடமே ஆயிற்று. பழைய நிறுத்திவைப்பு மட்டும் உடனே நீங்காது என்றார்கள். அங்கேயே எங்கள் கணக்கையும் பார்த்தோம். பணியாளர் வெகுமதி என்று ஆளுக்கும் நாளுக்கும் ஒரு தொகை தானாகவே சேர்ந்துகொண்டிருந்தது. அது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், நால்வர் குடும்பத்துக்கு நான்கு இரவுகளில் 288 டாலர் ஆகும். இது முன்பதிவுத் தாளில் சிறிய எழுத்தில் இருந்தது. நாங்கள் தொடாத குளிர்பானம் இரண்டும் பட்டியலில் இருந்தன, சொன்னதும் நீக்கினார்கள். கடைசி நாள் காலையில் நீண்ட வரிசையில் நின்று இதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திராது. அதன் பின் ஒவ்வோர் இரவும் அறைத் தொலைக்காட்சியில் கணக்கைப் பார்த்தோம்.

ஒன்பது மணிக்குக் கப்பல் துறையை விட்டு நகர்ந்தது. மேல்தளத்தில் நின்று மணிக்கூண்டின் விளக்கைத் தேடினோம். குழந்தைகள்தாம் முதலில் கண்டுபிடித்தனர். நண்பரின் கணக்கில் முடங்கிய தொகை, நாங்கள் ஊர் திரும்பிய நான்காம் நாள் விடுபட்டது.