திரைக்கு இந்தப் பக்கம்

நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறோரிடத்திலும் இருக்க, படமும் குரலும் பரிசோதனை முடிவுகளும் இணையம் வழியே சென்றுவர, அவற்றைக்கொண்டு நோயறிந்து ஆலோசனை வழங்குவதே தொலைமருத்துவம் எனப்படுகிறது. கண்புரை முற்றிய கிராமத்து முதியவர் நகரத்து மருத்துவமனைக்குத் தனியே பேருந்து ஏற இயலாது. உடன் செல்லும் மகனோ மருமகளோ அன்றைய கூலியை இழக்க நேரும் என்பதால், வைத்தியம் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போகிறது. தொலைமருத்துவம் முதலில் மிச்சப்படுத்துவது இந்தப் பயணத்தைத்தான்.

அரவிந்த் கண் மருத்துவமனை தேனி வட்டாரத்தில் அமைத்த பார்வை மையங்கள் இதற்கு நல்ல சான்று. நல்ல இணைய வசதி கிராமங்களை எட்டாத காலத்தில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைஃபையையே தொலைதூரத்துக்கு ஏற்றவாறு மாற்றித் தந்தனர். தகவலை அனுப்பிய வைஃபை கருவி, அது சேர்ந்ததற்கான பதிலுக்கு மிகச் சிறிது நேரமே காத்திருக்கும்; தூரம் கூடும்போது பதில் வருமுன்பே தகவல் தொலைந்ததாகக் கருதி மறுபடியும் அனுப்பத் தொடங்கிவிடும். மென்பொருளில் இந்த அவசரத்தைத் திருத்தி, உயரமான கம்பங்களில் ஒன்றையொன்று நோக்கும் ஆண்டெனாக்களைப் பொருத்தியதும், பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மருத்துவரின் முகம் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் மையத்தின் உயிர் கம்பத்தில் இல்லை. முதியவரின் மோவாயை ஸ்லிட் லேம்ப் என்னும் கண் பரிசோதனைக் கருவியின் தாங்கியில் பதியவைத்து, நெற்றியைப் பட்டையோடு ஒட்டச்செய்து, மெல்லிய ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்து, கண்டதைப் பதிவுசெய்து மருத்துவருக்கு முன்வைப்பவர் பயிற்சி பெற்ற கண் பரிசோதனைப் பணியாளரே. முதுமையில் பெரும்பாலும் கூர்ந்த ஒலிகளே முதலில் கேளாமற்போகின்றன என்பதால், ஒலிபெருக்கியைக் கூட்டினால் இரைச்சல் மிகுமேயன்றிச் சொல் விளங்காது. மருத்துவர் கூறியதை அருகிலிருப்பவர் ஊர்ப்பேச்சில், நிதானமாக, முகம் பார்த்துத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவையிலும், அருகில் ஒருவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைக் காணலாம். சுகாதார நிலையத்துப் பணியாளர் உடனிருந்து மருத்துவரோடு இணைப்பது ஒரு வழி. நோயாளி வீட்டிலிருந்தே கைபேசியில் இணைவது மற்றொன்று. பின்னதில் கைபேசிக்கு வரும் ஓடிபியைப் பார்த்துப் பதிய வேண்டும். பல வீடுகளில் கைபேசியோ பேரனின் சட்டைப்பையில் இருக்கும், பேரனோ வேலைக்குப் போயிருப்பான். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், மறதிநோய் போன்றவற்றால் தாமே பேச இயலாத நோயாளியின் சார்பில் அவரைப் பராமரிப்பவர் மருத்துவரிடம் பேச இடமளிக்கின்றன. ஆனால் பகல் முழுதும் தனித்திருக்கும் கிழவிக்கு அந்தப் பராமரிப்பவர் யார் என்பதை எந்த நெறிமுறையும் முடிவுசெய்ய இயலாது. இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வதுபோல, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகளோடு மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு தன்னார்வலர் ஒருவர் வீட்டு வாசலுக்கே வருகிறார்.