டெல்லியின் நாளைய காற்று

டெல்லியில் வாகனங்கள் ஜூலையிலும் ஓடுகின்றன, நவம்பரிலும் ஓடுகின்றன. மூச்சு முட்டுவது நவம்பரில்தான். பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுத்தபின் தாள்களைக் கொளுத்துவது ஒரு காரணம். இன்னொன்று, அவ்வளவாகப் பேசப்படாதது: வானிலை.

வெயிலில் தரை சூடானால் காற்று மேலெழுந்து புகையையும் தூக்கிக்கொண்டு போகும். கோடையில் இந்தக் கலப்பு இரண்டு கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும். குளிர்கால இரவில் தரை குளிர்ந்துவிட, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. அதே புகை இப்போது சில நூறு மீட்டருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. மூடியின் உயரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் வரும் எண் வினாடிக்கு 6000 சதுர மீட்டருக்குக் கீழே இருந்து, காற்றும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைவாக வீசினால், புகை கலையாது என்று வானிலைத் துறை எச்சரிக்கிறது.

2018 முதல் டெல்லிக்கென ஒரு முன்னெச்சரிக்கை அமைப்பு இயங்குகிறது. புணேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் முன்னின்று அதை உருவாக்கியது. நகரை 400 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரம் எப்படி மாறும், எவ்வளவு புகை சேரும் என்று கணினி கணக்கிடுகிறது. வேதியியலும் உண்டு. வண்டிப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றிலேயே அமிலமாகி, வயல்களிலிருந்தும் சாக்கடைகளிலிருந்தும் வரும் அமோனியாவுடன் சேர்ந்து புதிய நுண்துகள்களாகின்றன. தரைக் கருவிகளும் செயற்கைக்கோள்களும் தரும் அளவுகளைக் கொண்டு தொடக்க நிலையைத் திருத்திவிட்டே கணக்கு தொடங்கும்.

காற்றின் திசையை இயற்பியல் சொல்லிவிடும். யார், எப்போது, எதைக் கொளுத்துவார்கள் என்பதைச் சொல்ல எந்தச் சமன்பாடும் இல்லை. வயல் தீயை எண்ணும் முக்கியச் செயற்கைக்கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணிவாக்கில் கடந்து போகின்றன. மாலையில் வைத்த தீ அந்தக் கணக்கில் விழாது. தீபாவளிக்கு எவ்வளவு பட்டாசு வெடிக்கும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. அதனால் இத்தகைய கணினி மாதிரிகளிடம், காற்று எந்த நாள் கெடும் என்பதை நம்பிக் கேட்கலாம். எந்த அளவுக்குக் கெடும் என்பதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும்.

அந்த அளவில்தான் பலருடைய கூலி தொங்குகிறது. 2022இல் திருத்திய விதிகளின்படி, மாசு ஏறியபின் என்றில்லாமல், ஏறும் என்ற கணிப்பை வைத்தே கட்டுப்பாடுகளைக் கொண்டுவரலாம். காற்றுத்தரக் குறியீடு 400ஐத் தாண்டும் என்றால் பெரும்பாலான கட்டுமானப் பணிகள் நிற்கும். கணிப்பு பொய்த்துக் காற்று தெளிவாகவே இருந்தாலும், சித்தாளுக்கு அன்றைய கூலி போனதுதான்.