பாதை நிர்ணயிக்கும் பற்சக்கரங்கள்

திருகோணமலையிலிருந்து உப்புவெளியையும் நிலாவெளியையும் கடந்து குச்சவெளி, புல்மோட்டை என்று வடக்கே நீளும் கடற்கரைச் சாலையில் மேடென்று சொல்லத்தக்க மேடு எதுவும் இல்லை. அச்சாலையில் பழகிய காரை ஹபரணை, தம்புள்ளை, கண்டி மார்க்கமாகச் செலுத்தி, ரம்பொடையின் வளைவுகளில் ஏற்றி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுசெல்பவர், சமபூமியில் இலகுவாக ஓடிய வாகனம் மலையில் திணறுவதைக் கண்டு எஞ்சினைக் குறை கூறுவது வழக்கம். ஆனால் அந்தத் திணறல் எவ்வளவு என்பதை நிர்ணயிப்பதில், பின் சக்கரங்களால் உந்தப்படும் காரில் பின் அச்சின் நடுவே எண்ணெயில் தோய்ந்து சுழலும் இரண்டு பற்சக்கரங்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

கராஜ்களில் பினியன் என்றும் கிரவுண் வீல் என்றும் வழங்கும் இவ்விரண்டில், சிறியது எஞ்சினின் சுழற்சியை ஏற்கிறது; பெரியது அதைத் தணித்து, தணித்த அளவுக்கு முறுக்கு வலிமையைப் பெருக்கிச் சக்கரங்களுக்குத் தருகிறது. கியர் பெட்டி எந்தக் கியரில் நின்றாலும் சுழற்சி முழுவதும் இக்கடைசி வாயிலைக் கடந்தே செல்ல வேண்டியிருப்பதால், இங்கே செய்யும் ஒரு மாற்றம் முதற் கியரிலிருந்து கடைசிக் கியர் வரை எல்லாவற்றையும் ஒரே வீதத்தில் மாற்றிவிடும்.

இலங்கையர் தலைமுறை தலைமுறையாக ஓட்டிய மொரிஸ் மைனரே இதற்குச் சிறந்த உதாரணம். 1956இல் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் வந்த மைனர் 1000இல் பினியனுக்கு 9 பற்கள், கிரவுண் வீலுக்கு 41 பற்கள், விகிதம் 4.56. 1962இல் எஞ்சின் 1,098 கன சென்ரிமீற்றராகப் பெருத்தபோது கிரவுண் வீலின் பற்கள் 38 ஆகி, விகிதம் 4.22 ஆயிற்று. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் நான்காம் கியரில் முதல் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 3,300 தடவை சுழல, பிந்தியது சுமார் 3,050 தடவை சுழன்றாற் போதும். சக்தி கூடிய எஞ்சினுக்கு அத்தனை முறுக்குப் பெருக்கம் தேவையில்லை என்று கண்ட நிர்மாணிகள், மிஞ்சிய சக்தியை அமைதியான ஓட்டத்துக்கும் குறைந்த தேய்மானத்துக்கும் பயன்படுத்தினார்கள். தினசரிப் பிரயாணத்துக்கு உகந்த விவேகம் அதுவே.

பந்தயக்காரரின் தேவை வேறு. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயத்தைப் போல, நின்ற நிலையிலிருந்து கிளம்பி வளைவுக்கு வளைவு மீண்டும் வேகமெடுக்க வேண்டிய இடத்தில், உச்ச வேகத்தை இழந்தாலும் எண்ணில் பெரிய விகிதமே ஜெயத்துக்கு உதவும். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தை விமான ஓடுபாதையில் நடக்கும் பந்தயங்களிலோ நேர்ப்பாதை நீள்வதால், அதே விகிதம் பாதி வழியிலேயே எஞ்சினை அதன் சுழற்சி எல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே அனுபவசாலிகள் கொள்ளும் நியதி இது: பாதையின் மிக நீண்ட நேர்ப்பகுதி முடிந்து பிரேக் பிடிக்கும் தறுவாயில், உச்சக் கியரில் எஞ்சின் தன் பூரண சக்தி வெளிப்படும் சுழற்சியை எட்டியிருக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே எட்டினால் விகிதம் மிகை. எட்டவே இல்லையெனில் குறை.

நிலாவெளி இளைஞர் மோட்டார் சைக்கிளில் செய்து பார்க்கும் மாற்றமும் இதே தத்துவத்தைச் சேர்ந்தது. முன் ஸ்ப்ரொக்கெட்டில் 14 பற்களும் பின்னதில் 42 பற்களும் இருந்தால் விகிதம் 3. முன்னே ஒரு பல்லைக் குறைத்தால் அது 3.23 ஆகும், பின்னே மூன்று பற்களைக் கூட்டினாலும் 3.21 ஆகுமேயன்றி அதை விஞ்சாது. செலவு குறைந்த இம்மாற்றத்தால் புறப்படும் துடிப்பு கூடும் என்பது மெய்தான். ஆயினும் புல்மோட்டை வரை நேரே ஓடும் சாலையில் எஞ்சின் ஓயாது இரைந்து எரிபொருளை விரயம் செய்யும் என்பதும் மெய்யே.

காரில் இம்மாற்றம் அவ்வளவு சுலபமன்று. கிரவுண் வீலும் பினியனும் ஒன்றோடொன்று பொருந்துமாறு ஜோடியாகவே செய்யப்படுவதால், ஒன்றை மட்டும் மாற்றுவது தகாது. பற்களுக்கிடையிலான இடைவெளியை நுட்பமாகச் சரிசெய்யாவிடில் அவை ஓலமிட்டு விரைவில் அழியும். கியர் பெட்டியிலிருந்து வேகமானிக்கு இணைப்புள்ள கார்களில் வேகமானியும் பொய் சொல்லும்: 4.22க்குப் பதில் 4.56 பொருத்தினால், உண்மை வேகம் 60 ஆக இருக்கையில் அது ஏறக்குறைய 65 காட்டும்.

ஆதலால் பணத்தைச் செலவிடுமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும்படி வாகனப் பிரியர்களை நான் வேண்டிக்கொள்வேன். எஞ்சின் நிமிஷத்துக்குச் சுழலும் தொகையை, ஓடும் கியரின் விகிதத்தாலும் கிரவுண் வீல், பினியன் ஆகியவற்றின் விகிதத்தாலும் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்கினால், நிமிஷத்துக்கு வாகனம் கடக்கும் தூரம் கிடைத்துவிடும். அந்த வேகத்தில் ஓடுவதற்கு உங்கள் பாதை இடம் தருமா என்று பாருங்கள். வருஷத்தில் ஒரு நாள் ஏறும் பந்தயச் சரிவுக்காக, எஞ்சிய நாட்களெல்லாம் ஓடும் சாலையைப் பலியிட வேண்டியதில்லை.