எரிச்சல் எங்கே பிறக்கிறது?

உடம்போடு பேசுவோம் – 14

மாசி மாதம் ஆற்றுக்கால் பொங்காலை அன்று திருவனந்தபுரத்துத் தெருக்களில் கண்ணைத் திறந்து நடப்பது பெரும்பாடு. கிழக்கேகோட்டையைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் செங்கல் அடுப்புகள். ஓலையும் கொதும்பும் எரிகிற புகை. 1997-ல் 15 லட்சம் பெண்கள், 2009-ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகம் பதிந்து வைத்திருக்கும் திருவிழா அது. அன்று சிவக்காத கண்ணை ஊரில் பார்ப்பது அரிது. ஆனால் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் பெரும்பாலோருக்குக் கண் தெளிந்துவிடும். புகை போனது, எரிச்சலும் போனது.

இந்த வாரம் நாம் பேசப்போவது போகாத எரிச்சலைப் பற்றி.

காலையில் எழுந்ததும் இமை ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும். மண் விழுந்தது போல உறுத்தும். மத்தியானத்துக்கு மேல் காந்தும். காற்று பட்டால் தாரை தாரையாகக் கண்ணீர் வழியும். இப்படியே வாரங்கள் போகும், மாதங்கள் போகும். கண்ணாடியில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வீட்டில் சொன்னால், "ராத்திரி முழுக்க போனைப் பாத்தா அப்படித்தான்" என்பார்கள். வலியைவிட அதை யாரும் நம்பாததுதான் இவர்களுக்குப் பெரிய பாரம். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கண் வெள்ளையாக இருப்பதால் அதற்குள் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் வலி நிஜம். பல நேரங்களில் அதற்குக் காரணமும் உண்டு, நிவாரணமும் உண்டு.

திருவனந்தபுரத்தில் தமிழ் தெரியாமல் வியாபாரம் செய்ய முடியாத தெரு சாலைக் கம்போளம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்துச் சந்தை. நாகர்கோவிலில் இருந்தும் திருநெல்வேலியில் இருந்தும் வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வத்தல், மல்லி, புளி, வெல்லம் விற்கின்றன. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், அங்குள்ள பலருக்கு உடம்புக்கு ஒன்று என்றால் கால் தானாகத் திருவனந்தபுரம் ரயிலுக்குத்தான் போகும். அவர்கள் கண்ணுக்காக வரும் இடங்களில் முக்கியமானது, ஊர்க்காரர்கள் 'கண்ணாஸ்பத்திரி' என்று சொல்லும் அரசுக் கண் மருத்துவமனை. அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மண்டலக் கண் மருத்துவ நிலையம் அதுதான்.

சாலையில் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்குத் துணையாக நானும் அங்கே போயிருந்தேன். ஓ.பி. டிக்கெட் எடுத்து வரிசையில் உட்கார்ந்து உள்ளே போனதும், இளம் மருத்துவர் மலையாளத்தில் கேட்டார்: "எத்ர நாளாயி?"

"வருஷம் ஒண்ணுக்கு மேல ஆச்சு டாக்டரே. வேற ஒண்ணுமில்ல, வத்தல் நெடிதான். சாக்கைப் பிரிச்சா ஏறும்லா."

"மருந்து வல்லதும் ஒழிக்குந்நுண்டோ?"

அண்ணாச்சி சட்டைப் பையில் இருந்து ஒரு குப்பியை எடுத்து நீட்டினார். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. "இதை விட்டா உடனே குளுந்துரும். நிறுத்தினா மறுபடியும் வந்துரும்." மருத்துவர் குப்பியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த பெயரைப் படித்தார். டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. அவர் முதலில் செய்த காரியம் கண் அழுத்தத்தை அளந்ததுதான். இருக்கவேண்டிய அளவைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது.

பிறகு அண்ணாச்சியின் தாடையை ஸ்லிட் லாம்ப் கருவியில் பொருத்தினார்கள். கருவிழியில் புண் இல்லை, தழும்பு இல்லை. மருத்துவர் கீழிமையை விரலால் மெல்ல அழுத்தினார். இமை ஓரத்தில் முடிகளுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் நுண்ணிய துளைகளில் இருந்து தெளிந்த எண்ணெய் கசிய வேண்டும். வந்தது பற்பசை போலக் கெட்டியாக, வெளிறிய மஞ்சளில். அடுத்து, ஆரஞ்சு நிறச் சாயத்தாளை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்த்தார். கண்ணீர்ப் படலம் பச்சையாக ஒளிர்ந்தது. "கண் சிமிட்டண்ட" என்று சொல்லிவிட்டு மனதுக்குள் எண்ணினார். பத்து விநாடியாவது கலையாமல் நிற்க வேண்டிய படலத்தில், அதற்கு வெகு முன்பே கறுப்புத் திட்டுகள் விழுந்துவிட்டன.

வத்தல் நெடி எரிச்சலைக் கூட்டியது உண்மை. ஆனால் அது பிறந்த இடம் இமையின் எண்ணெய்ச் சுரப்பிகள். ஒரு வருஷமாக அங்கே யாரும் பார்க்கவில்லை.

இந்தச் சுரப்பிகளுக்கு மெய்போமியன் சுரப்பிகள் என்று பெயர். 1666-ல் இவற்றை விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மெய்போமின் பெயரால் வந்தது. ஒவ்வொரு இமையிலும் இருபது முதல் நாற்பது வரை இருக்கும். கண்ணீர் என்றால் வெறும் உப்புத் தண்ணீர் என்று நினைக்கிறோம். அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று உண்டு. அது இருந்தால்தான் தண்ணீர் ஆவியாகாமல் நிற்கும். எண்ணெய் கெட்டுப்போனால் தண்ணீர் காய்ந்து, கருவிழியின் நரம்புகள் காற்றில் வெறுமனே நிற்கும். அப்போது கண் பயந்துபோய் மேலும் கண்ணீரைக் கொட்டும். 'கண்ணில் தண்ணி வழியுதே, எனக்கு எப்படி வறட்சி?' என்று பலர் கேட்பதற்கு விடை இதுதான். அந்தத் தண்ணீர் வழிந்தோடுமே தவிர, கண்ணில் தங்காது.

இரண்டு பருவமழையும் பெய்கிற, கடல் காற்று வீசுகிற இந்த ஊரில் கண் ஏன் காய வேண்டும்? வெளியே ஈரம், உள்ளே இல்லை. 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்கில் இன்று வேலை செய்பவர்கள் பகல் முழுவதையும் ஏ.சி. அறையில், திரைக்கு முன்னால் கழிக்கிறார்கள். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை சிமிட்டும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் சிமிட்டும். அதுவும் இமை முழுசாக மூடாத அரைச் சிமிட்டல். சிமிட்டும்போதுதான் சுரப்பியில் இருந்து எண்ணெய் வெளியே வரும். வேலை முடிந்து ஸ்கூட்டரில் எதிர்க்காற்று, வீட்டில் கொசுவர்த்திப் புகை, இரவெல்லாம் முகத்துக்கு நேராகச் சுழலும் மின்விசிறி. கண் எங்கே தேறும்?

அந்தச் சொட்டு மருந்துக்கு வருவோம். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. தக்க நோய்க்கு, தக்க அளவில், மருத்துவரின் கண்காணிப்பில் அது பார்வையைக் காப்பாற்றும். ஆனால் வாரக்கணக்கில் விட்டால் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஓரளவு ஏறுகிறது. நூற்றில் ஐந்து பேர் போல, ஒரு சிறு பகுதியினருக்கு மிக அதிகமாகவே ஏறுகிறது. வலிக்காது, சிவக்காது. சத்தமில்லாமல் பார்வை நரம்பைத் தின்றுவிடும். போன பார்வை திரும்ப வராது. கண்புரையும் சீக்கிரம் வரும். வயலில், தோட்டத்தில் இலை கீறி பூஞ்சைத் தொற்று வந்த கண்ணில் இதை விட்டால் புண் இன்னும் ஆழமாகும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் உடனே குளிர்ச்சி தருவதால் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், எடுத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிவப்பை உடனே வெளுக்க வைக்கும் சொட்டுகளும் இப்படித்தான். மருந்தின் வேகம் அடங்கியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். திரும்பத் திரும்ப விடச் சொல்லும்.

பாட்டி வைத்தியம் என்று தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் தேனும் விடுவதையும் நிறுத்த வேண்டும். அன்போடு செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் கருவிழியில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் இருந்தால், அதில் சேரும் கிருமி பெரிய புண்ணில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆயுர்வேதத்தை நம்புகிறவர்கள் இந்த ஊரில் மிக அதிகம். 1889-ல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. கண்ணைச் சுற்றி உளுந்து மாவால் வரப்புக் கட்டி நெய் நிறுத்தும் தர்ப்பணம் போன்ற சிகிச்சைகளுக்குப் பலர் போகிறார்கள். போவதாக இருந்தால் படித்த வைத்தியரிடம் போங்கள். அதற்கு முன் ஒருமுறை ஸ்லிட் லாம்பில் கருவிழியைக் காட்டிவிட்டுப் போங்கள். இளநீர்க் குழம்பு என்னும் ஆயுர்வேதக் கண் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி நீங்களாக விட்டுக்கொள்ளாதீர்கள்.

அண்ணாச்சிக்குக் கிடைத்த சிகிச்சை மிக எளிமையானது. ஸ்டீராய்டு நிறுத்தப்பட்டது. தினமும் வெதுவெதுப்பான சுத்தமான துணியை மூடிய இமை மேல் ஐந்து, பத்து நிமிடம் வைத்து, பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவ வேண்டும். இமை ஓரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பிரிசர்வேட்டிவ் சேர்க்காத செயற்கைக் கண்ணீர் விட வேண்டும். சாக்குப் பிரிக்கும்போது பக்கம் மூடிய கண்ணாடி. குறித்த நாளில் வந்து கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "இவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார். இதில் கஷ்டமானது விடாமல் செய்வது. சில வாரம் கழித்துத்தான் பலன் தெரியும். அவருக்கு அழுத்தம் இறங்கியது, காலை உறுத்தலும் தணிந்தது. அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. இது கூடவே வைத்துக்கொண்டு பராமரிக்க வேண்டிய நோய் என்பதை அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

எல்லா எரிச்சலும் இமையில் பிறப்பதில்லை. ஒவ்வாமை என்றால் அரிப்புதான் தூக்கலாக இருக்கும். சிலருக்குக் கண்ணீரே குறைவாகச் சுரக்கும். அதை அளக்க 1903-ல் ஜெர்மானியர் ஒட்டோ ஷிர்மர் கொண்டுவந்த முறை இன்றும் நடக்கிறது: 35 மில்லிமீட்டர் நீளமுள்ள வடிதாள் ஒன்றைக் கீழிமையில் மாட்டி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள். ஐந்து மில்லிமீட்டர் கூட நனையவில்லை என்றால் நல்ல வறட்சி. அதோடு வாயும் உலர்ந்து, மூட்டும் வலித்தால், குறிப்பாக நாற்பது ஐம்பது வயதுப் பெண்களுக்கு, ஸ்யோகிரன் நோயா என்று ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். தைராய்டு கோளாறு, சர்க்கரை நோய், மாதவிடாய் நிற்கும் பருவம், சளிக்கும் மன அழுத்தத்துக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள், அண்மையில் நடந்த கண்புரை அல்லது லேசிக் அறுவை சிகிச்சை எல்லாமே கண்ணைக் காயவைக்கக்கூடியவை. மெட்ராஸ் ஐ வந்து போனவர்களுக்குச் சிவப்பு மறைந்த பிறகும் கருவிழியில் சிறு வெண்புள்ளிகள் தங்கி, மாதக்கணக்கில் கூச்சம் கொடுப்பதுண்டு. இத்தனை காரணங்களுக்கு ஒரே சொட்டு எப்படி மருந்தாகும்?

ஆகவே மருத்துவரிடம் போகும்போது, இதுவரை விட்ட சொட்டுக் குப்பிகள் எல்லாவற்றையும், சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். எரிச்சல் காலையில் அதிகமா மாலையிலா, அரிப்பா காந்தலா, வாயும் உலர்கிறதா என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கண்ணை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் தாங்காமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கான்டாக்ட் லென்ஸ் போட்ட கண்ணில் சிவப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சுண்ணாம்போ அமிலமோ தெறித்தால், அந்த இடத்திலேயே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுப் பிறகு ஓடுங்கள்.

பரிசோதனை முடிந்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எனக்கு வந்திருப்பதன் பெயர் என்ன? இந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கிறதா? இருந்தால், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்? மூன்றுக்கும் விடையைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டமான ஓ.பி.யில் கேட்கத் தயக்கமாக இருக்கும். தயங்காதீர்கள். கண் உங்களுடையது.

அடுத்த வாரம்: ஓயாமல் கண்ணைக் கசக்கும் பள்ளிப் பிள்ளைகள்.