பிள்ளை பார்க்கும் வீட்டில் நாய்



பிள்ளைக் காம்பரா திறக்கும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய தாய்மார் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். டவுனில் கடைக்கும் கார்மெண்டுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய பிள்ளைகளை லயத்திலேயே ஒரு பெரியம்மாவோ பாட்டியோ பார்த்துக்கொள்கிறார். தாய்க்கும் நிம்மதி, பார்க்கிறவருக்கும் மாதம் முடிய ஒரு தொகை கையில் வரும்.

இப்படிப் பிள்ளை பார்க்கும் வீடுகள் பலவற்றில் நாயும் உண்டு. மரக்கறித் தோட்டத்தில் பன்றி வராமல் இருக்க, இரவில் ஆள் நடமாட்டம் தெரிய நாய் வேண்டியிருக்கிறது. (சிறுத்தை வந்தால் முதலில் போவதும் அந்த நாய்தான். அது வேறு கதை.)

"அப்ப நாயை விரட்டிடணுமா?" என்று கேட்பீர்கள். விரட்ட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பிள்ளையும் உங்கள் நாயும் ஒரே வீட்டில் வளர்வது ஒன்று. காலையில் கொண்டுவந்து விடப்படும் மற்றவர் பிள்ளையும் உங்கள் நாயும் ஒரே இஸ்தோப்பில் இருப்பது வேறொன்று. உங்கள் பேரப்பிள்ளையை அந்த நாய்க்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். நேற்று வந்த பிள்ளையை அதற்குத் தெரியாது. பிள்ளைக்கும் நாயைத் தெரியாது.

நான் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒன்றரை வயதுப் பையன். நாய் தகரத் தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தது. பையன் தவழ்ந்து போய்த் தட்டில் கையை வைத்துவிட்டான். நாய் திரும்பி ஒரு வெட்டு வெட்டியது. கன்னத்தில் பல் கீறிக் கொஞ்சம் இரத்தம். பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா பயந்துபோனார். காப்பித் தூளை அப்பினார். அந்திக்குத் தாய் வந்து கேட்டபோது, "ஒண்ணுமில்ல தங்கச்சி, முள்ளு கீறிடுச்சு" என்று சொல்லிவிட்டார். நாலு நாள் கழித்துப் பக்கத்துக் காம்பரா சிறுமிதான், "இல்ல அக்கா, நாய் கடிச்சது" என்று போட்டுடைத்தாள். அன்று இரவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஊசி போட்டார்கள். நாயும் சாகவில்லை, பையனும் இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சு இல்லை.

அந்தப் பெரியம்மா கெட்டவர் அல்ல. பிள்ளைகளை அன்பாகப் பார்த்தவர்தான். தாய் சண்டைக்கு வருவாள், நாளையிலிருந்து பிள்ளையை விடமாட்டாள், மாதக் காசு போய்விடும் என்று பயந்தார். அந்தப் பயத்தால் நாலு நாள் வீணாகப் போனது.

நாலு நாள் ஏன் பெரிய விஷயம்? விசர் நாய்க்கடி நோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்தாலும், பல்லால் கீறினாலும், புண்ணில் நக்கினாலும் உள்ளே போய்விடும். உடனே ஒன்றும் தெரியாது. நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். நோய் வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. அதற்கு முன் ஊசி போட்டால் தப்பலாம். கடி தலைக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு அவசரம். பெரியவரை நாய் கடித்தால் பெரும்பாலும் காலில்தான் கடிக்கும். தவழும் பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கிறது. சந்தேகத்துக்கிடமான விலங்குகளிடம் கடிபட்டவர்களில் 100 பேருக்கு 40 பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நம் நாட்டில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போட்டதாலும் கடிபட்டவர்களுக்கு ஊசி கொடுத்ததாலும் அண்மை ஆண்டுகளில் அது இருபது, முப்பது என்று குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறதே தவிர, நின்றுவிடவில்லை.

"எங்க வீட்டுல நாயே இல்ல, எனக்கெதுக்கு இந்தக் கதை?" என்பவர்களுக்கு ஒன்று. திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணி என்று ஓர் ஊர். 2021 நவம்பர் 23 ஆம் திகதி படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்த செய்தியால் நம்மில் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். அந்தப் பக்கம் ஒருமுறை போயிருந்தபோது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஓர் அம்மாவைக் கண்டேன். முஸ்லிம் குடும்பம், வீட்டுக்குள் நாய் வளர்க்கும் வழக்கமில்லை. "நாங்க நாய் வளர்க்கிறதில்ல. ஆனா நாய் வராம இருக்குதா?" என்று சிரித்தார். மீன் கழுவும் வீடு, வாசனைக்குத் தெருநாய் வந்துவிடும். அதனால் செதிலையும் குடலையும் உடனே புதைத்துவிடுகிறார். படலையைக் கட்டி வைக்கிறார். பிள்ளைகள் முற்றத்தில் இறங்கினால் தானும் இறங்குகிறார். கருவாடும் கோழிக் குடலும் கோடிப்பக்கம் வீசும் நம் லயங்களுக்கும் இது பொருந்தும்.

இனி, சொந்தமாக நாய் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம் முழுவதும் நாய்க்குத் தனி இடம் வேண்டும். பின்பக்கம் விறகுக் கொட்டிலை வரிச்சி அடித்து மறைத்தால் போதும். நிழலும் தண்ணீரும் இருக்கட்டும். பிள்ளை எட்டிப் பிடிக்கும் இடத்தில் சங்கிலியால் கட்டிப்போட வேண்டாம். கட்டிய நாய் விலகி ஓட முடியாது, அதனாலேயே கடிக்கும். பிள்ளைகள் போன பிறகு அவிழ்த்துவிடலாம்.

"எங்க நாய் பச்சப்புள்ள மாதிரி, ஒண்ணும் செய்யாது" என்று எல்லோரும் சொல்வார்கள். சாதுவான நாய்தான். ஆனால் சாப்பிடும்போது, தூங்கும்போது, குட்டிக்குப் பால் கொடுக்கும்போது, காதில் புண் வந்து வலிக்கும்போது எந்த நாயும் கடிக்கும். கடிக்கும் முன் அது சொல்லத்தான் செய்கிறது. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், உடம்பு விறைக்கும், பிறகு உறுமும். பெரியவருக்கே இது பிடிபடுவதில்லை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உறுமியதற்காக அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கப் பழகிவிடும். பிள்ளையையும் நாயையும் வைத்துவிட்டுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவது, அது ஐந்து நிமிடமானாலும், கூடவே கூடாது.

நாய்க்கு ஊசி வருடாவருடம் போட வேண்டும். குட்டிக்கு ஆறு வாரத்திலேயே முதல் ஊசி போடலாம். அடுத்தது எப்போது என்று போடுகிறவர் சொல்வார். தோட்டப் பக்கம் ஊசி போட வரும் நாளை பி.எச்.ஐ. ஐயாவிடமோ கால்நடை வைத்திய அலுவலகத்திலோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைத் தொலைக்காதீர்கள். நாய்க்கடி நோய்க்கு இந்நாட்டில் 1893 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள், இது இன்று நேற்று வந்த கட்டளை அல்ல.

பூச்சி விஷயத்தையும் மறக்கக் கூடாது. குட்டி நாய்களுக்குத் தாயிடமிருந்தே வட்டப்புழு வந்துவிடும். மலத்தோடு விழும் முட்டை மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அந்த மண்ணில் விளையாடி விரலைச் சூப்பும் பிள்ளையின் வயிற்றுக்குள் போய், அரிதாகக் கண்ணையும் கெடுத்துவிடும். அதனால் நாய்க்குப் பூச்சி மருந்து கொடுங்கள். மலத்தைத் தினமும் எடுத்துப் புதையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள். நாயின் தட்டு வேறு, பிள்ளையின் தட்டு வேறு. பிள்ளை படுக்கும் பாயில் நாய் படுக்கக் கூடாது.

இங்கிலாந்தில் வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று யோசித்து அதற்கு வழி செய்வதும் அவர்கள் கடமை. நாயும் அந்தக் கணக்கில் வரும். நமக்கு அப்படி ஆள் வந்து பார்ப்பதில்லை. தாயும் பிள்ளை பார்ப்பவரும்தான் பேசிக்கொள்ள வேண்டும். முதல் நாளே, "வீட்டுல நாய் இருக்கு, ஊசி போட்டிருக்கு, இதோ அட்டை, பகல்ல இங்கதான் அடைச்சு வைப்பேன்" என்று காட்டிவிடுங்கள். தாய்மாரும் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். "நம்ம பெரியம்மாதானே, எப்படிக் கேக்குறது" என்று இருந்துவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு கடித்துவிட்டால், சின்னக் கீறலானாலும் முதலில் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிள்ளை அழும், அழட்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள், மிளகாய் எதுவும் வேண்டாம். மலைக்கு ஆள் அனுப்பித் தாயைக் கூப்பிடுங்கள். கங்காணியிடம் சொன்னால் விட்டுவிடுவார். ஒரு நாள் பேர் போனால் போகட்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஊசிக்குக் காசு இல்லை. எத்தனை ஊசி, எந்தத் திகதியில் என்று டாக்டர் எழுதித் தருவார். புண் ஆறிவிட்டதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது. நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் முடிவு டாக்டருடையது, நாயின் அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்றுவிடாதீர்கள். கட்டி வைத்து 14 நாள் பாருங்கள். அதற்குள் நோய்ப்பட்டாலோ செத்தாலோ காணாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கும் பி.எச்.ஐ. ஐயாவுக்கும் அறிவியுங்கள். அந்த 14 நாளும் பிள்ளைகளை வேறு வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.