மூக்கு அல்ல, மானி

சாக்கடைக் குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். காற்றில் பத்து லட்சம் பங்கில் 100 பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துவிடும். ஆபத்து நீங்கிவிட்டதாகத் தோன்றும். அதனால்தான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தொழில்நுட்பப் பணியாளர் வாயுமானியால் அளந்த பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்பது பாதுகாப்பு நடைமுறை. அதே வாயு உள்ள தெருக்குழியில் ஒப்பந்தத் தொழிலாளியிடம், "உனக்குப் பழக்கம்தானே, இறங்கு" என்கிறார்கள். நச்சு வாயு யாருக்கும் பழகாது. பிறப்பையே பாதுகாப்புக் கருவியாக எண்ணவைப்பது சாதி.

பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழி மரணத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அது இறந்த பிறகு வருவது. இறங்கும் முன்பே நாம் கேட்போம்: மானி எங்கே? அளவைக் குறித்த பதிவேடு எங்கே?